கூடுதல் ஆட்களும் நடக்காத மறு ஆட்டமும்: 2022–23 அகில அயர்லாந்து கிளப் கேலிக் கால்பந்துப் பருவம்

2023 ஜனவரியில் டப்ளினில் நடந்த அகில அயர்லாந்து கிளப் கேலிக் கால்பந்து இறுதிப் போட்டியின் கடைசித் தருணத்தில், வென்ற அணியான கில்மக்கட் க்ரோக்ஸின் சார்பில் 15 பேருக்கு மேல் களத்தில் இருந்தது தொலைக்காட்சியில் தெளிவாகப் பதிவாகியது. மறு ஆட்டம் நடத்த வேண்டும் என்று போட்டியை நடத்தும் கேலிக் அத்லெட்டிக் சங்கமும் தீர்ப்பளித்தது. அப்படியிருந்தும் மறு ஆட்டம் ஏன் நடக்கவில்லை, பட்டம் எப்படி அதே அணியிடம் தங்கியது, அந்தக் கூடுதல் ஆள் இல்லாதிருந்தால் முடிவு மாறியிருக்குமா என்பவை கேட்கப்பட்டிருக்கும் கேள்விகள். முதல் இரண்டுக்கும் விடை சுருக்கமானது: தோற்ற அணியான க்ளென், தான் தொடுத்த ஆட்சேபத்தைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது, ஆட்சேபம் போனதும் மறு ஆட்டத்துக்கான உத்தரவும் செல்லாமல் போயிற்று. ஆனால் ஒரு சிற்றூர்க் கிளப், தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய கோப்பைக்கான இரண்டாவது வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே ஏன் விலகியது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் பருவத்தையும் அந்த விதியையும் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும்.

இந்த விளையாட்டுக்குப் புதியவர்களுக்காகச் சில அடிப்படைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கேலிக் கால்பந்தில் ஓர் அணிக்கு 15 பேர். பந்தைக் கையாலும் காலாலும் ஆடலாம். அந்தப் பருவத்தின் விதிப்படி, ஆங்கில ‘எச்’ எழுத்தைப் போன்ற கம்பங்களின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. கோல்களையும் புள்ளிகளையும் தனித்தனியே எழுதுவது மரபு: 1-11 என்றால் ஒரு கோலும் பதினொரு புள்ளியும், மொத்தம் 14. தடுக்கும் அணியின் ஆள் மேல் பட்டுப் பந்து கோல்கோட்டைத் தாண்டினால், எதிரணிக்கு 45 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் உதை கிடைக்கும். அதை ‘ஃபார்ட்டிஃபைவ்’ என்றே சொல்வார்கள். நம் கதை முடியும் இடமும் சிக்கல் தொடங்கும் இடமும் அப்படியொரு உதைதான்.

1884-இல் தொடங்கப்பட்ட கேலிக் அத்லெட்டிக் சங்கம், சுருக்கமாக ஜிஏஏ, இன்றுவரை தொழில்முறை அல்லாத அமைப்பாகவே நீடிக்கிறது. வீரர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர், தச்சர், மாணவர், வங்கி ஊழியர் எனப் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் பயிற்சிக்கு வருகிறார்கள். உலகம் அதிகமாகப் பார்ப்பது மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துப் போட்டியை. ஆனால் அந்த வீரர்கள் ஒவ்வொருவரும் முதலில் தம் ஊர்க் கிளப்பைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் ஒரு தேவாலயப் பங்கின் எல்லைதான் கிளப்பின் எல்லை. பிறந்து வளர்ந்த ஊரின் சட்டையையே கடைசிவரை அணிவது இங்கு வழக்கம். அதனால் கிளப் சாம்பியன்ஷிப்பில் தோற்பவருக்கு, தோல்வியின் மறுநாள் தெருவில் எதிர்ப்படும் முகங்கள் எல்லாமே அந்த அணியின் சொந்தங்கள். இந்தப் பின்னணி இல்லாமல் க்ளென் எடுத்த முடிவை எடைபோட முடியாது.

கிளப்களுக்கான அகில அயர்லாந்துப் போட்டி 1970–71 பருவத்தில் தொடங்கியது. வெற்றி பெறும் அணிக்குத் தரப்படும் ஆண்டி மெரிகன் கோப்பை, வெக்ஸ்ஃபர்ட் மாவட்டத்தின் காசில்டவுன் கிளப்புக்கு ஆடி, 1973-இல் பண்ணையில் நேர்ந்த விபத்தில் இறந்த வீரரின் பெயரைத் தாங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் சாம்பியன் தேர்வாகி, அவர்கள் அல்ஸ்டர், லென்ஸ்டர், மன்ஸ்டர், கொனாக்ட் என்னும் நான்கு மாகாணங்களில் தோற்றால் வெளியேற வேண்டிய சுற்றுகளில் மோதி, நான்கு மாகாண சாம்பியன்கள் அகில அயர்லாந்து அரையிறுதிக்கு வருவார்கள். பல பத்தாண்டுகள் இறுதிப் போட்டி மார்ச் 17, புனித பேட்ரிக் நாளில் நடந்தது. மாவட்டப் பருவத்தையும் கிளப் பருவத்தையும் இரண்டாகப் பிரித்த புதிய ஏற்பாடு 2022-இல் நடைமுறைக்கு வந்தது: ஜூலைவரை மாவட்ட ஆட்டங்கள், அதன் பிறகு கிளப் ஆட்டங்கள், ஜனவரியில் கிளப் இறுதி. 2022–23 அந்தப் பிரிப்பின்படி முழுமையாக ஓடிய முதல் கிளப் பருவம். ஜனவரி இறுதியிலேயே மாவட்டங்களின் தேசிய லீக் தொடங்கிவிடும் என்பதால், கிளப் இறுதிக்குப் பின் நாள்காட்டியில் இடைவெளியே இருக்காது. இந்த நெருக்கடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிக்கு வந்த இரண்டு அணிகளும் இரு வேறு உலகங்கள். கில்மக்கட் க்ரோக்ஸ், தெற்கு டப்ளினின் ஸ்டில்லோர்கன் பகுதியைச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட, நாட்டின் மிகப் பெரிய கிளப்களில் ஒன்று. 1995-லும் 2009-லும் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றிருந்தது. ஆனால் 2022 பிப்ரவரி 12 அன்று சங்கத்தின் தலைமை மைதானமான டப்ளினின் க்ரோக் பார்க்கில் நடந்த முந்தைய இறுதிப் போட்டி அவர்களுக்கு ஆறாத காயமாக இருந்தது. டவுன் மாவட்டத்தின் கில்கூ அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சுவரை முன்னிலையில் இருந்துவிட்டு, ஜெரோம் ஜான்ஸ்டன் அடித்த கடைசி நேரக் கோலில் 2-8க்கு 0-13 என்ற கணக்கில், அதாவது ஒரு புள்ளி வித்தியாசத்தில், பட்டத்தை இழந்தார்கள். ராபி பிரென்னன் பயிற்றுவித்த அதே அணிதான் அடுத்த பருவத்தில் டப்ளினையும் லென்ஸ்டரையும் மீண்டும் வென்று திரும்பி வந்தது. ‘இந்த முறை கடைசி நிமிடத்தில் கோட்டை விடக் கூடாது’ என்ற பதற்றம் அந்த அணிக்குள் எவ்வளவு ஆழமாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. பிறகு நடந்த மாற்று ஆட்டக்காரர் குழப்பத்தின் வேர் அந்தப் பதற்றத்தில் இருக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அந்தக் கோடையில் அவர்களிடம் ஷேன் வால்ஷும் சேர்ந்திருந்தார். 2022 ஜூலையில் கெர்ரிக்கு எதிரான மாவட்ட இறுதிப் போட்டியில் கால்வே தோற்றபோதும் தனி ஆளாக ஒன்பது புள்ளிகள் எடுத்து நாட்டையே வியக்க வைத்தவர் அவர். கால்வே மாவட்டத்தின் கில்கெரின்-க்ளோன்பெர்ன் என்னும் தம் சொந்தக் கிளப்பிலிருந்து கில்மக்கட்டுக்கு அவர் மாறியது அந்த ஆண்டின் பெரிய சர்ச்சை. டப்ளினில் வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஒருவர், வாரந்தோறும் நாட்டின் குறுக்கே பயணம் செய்ய வேண்டுமா என்பது ஒரு தரப்பின் வாதம். ஏற்கெனவே பலமான ஒரு நகரக் கிளப்புக்கு ஒரு கிராமத்தின் சிறந்த மகன் போகலாமா என்பது மறுதரப்பின் ஆதங்கம். விதிகளின்படி அந்த மாற்றத்தில் குறையேதும் இல்லை. ஆனால் இறுதிப் போட்டிக்கு முன்பே ‘பெரியவன், சிறியவன்’ என்ற கோணத்தில் மக்கள் அந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிரே நின்ற க்ளென், வட அயர்லாந்தின் டெரி மாவட்டத்தில் மஹெரா என்னும் சிறு பட்டணத்தைச் சேர்ந்தது. 1798 கிளர்ச்சியின்போது அதே பட்டணத்தில் கொல்லப்பட்ட வாட்டி கிரஹாமின் பெயரைக் கிளப் தாங்கி நிற்கிறது. மஹெராவுக்கு அருகிலேயே ஸ்லாட்நீல் என்ற மற்றொரு கிளப் இருக்கிறது. 2014, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அல்ஸ்டர் பட்டத்தை வென்று, இரண்டு முறை அகில அயர்லாந்து இறுதிவரை போன அணி அது. அந்த அணியின் நிழலில் வளர்ந்த க்ளென், இளையோர் பிரிவில் மாகாண அளவில் வென்று காட்டிய தலைமுறை ஒன்றை வைத்துக்கொண்டும், 2021 வரை தன் மாவட்டத்தின் முதுநிலைப் பட்டத்தைக்கூட ஒரு முறையும் வென்றதில்லை. மோனகன் மாவட்ட அணிக்கு 2013-லும் 2015-லும் அல்ஸ்டர் பட்டம் வாங்கித் தந்த மலாக்கி ஓ’ரூர்க் பொறுப்பேற்ற பிறகுதான் பூட்டுத் திறந்தது. ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ஹாதார்ன் அணிக்குத் தொழில்முறையாக ஆடிவிட்டு ஊர் திரும்பிய கானர் க்ளாஸ் நடுக்களத்தைத் தாங்கினார். 2021-இல் அல்ஸ்டரில் கில்கூவிடம் தோற்று வெளியேறியவர்கள், 2022 டிசம்பரில் ஆர்மா நகரில் நடந்த அல்ஸ்டர் இறுதியில் அதே கில்கூவை, நடப்பு அகில அயர்லாந்து சாம்பியனை, வீழ்த்தினார்கள். கிளப்பின் முதல் அல்ஸ்டர் பட்டம் அது. என் மதிப்பீட்டில் அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வெற்றியும் அதுவே.

மற்ற இரண்டு மாகாணங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். கொனாக்டில் கால்வேயின் மொய்கல்லன், ஸ்லைகோவின் டூர்லெஸ்ட்ரேன் அணியை வென்று வந்தது. மன்ஸ்டரில் ட்ரலீ நகரின் கெரின்ஸ் ஓ’ராஹிலிஸ், லிமெரிக்கின் நியூகாசில் வெஸ்ட்டை வென்றது. இங்கே ஒரு சிறு வேடிக்கை உண்டு: அந்த ஆண்டு கெர்ரி மாவட்டப் பட்டத்தை வென்றது ஈஸ்ட் கெர்ரி. பல கிளப்கள் சேர்ந்த கூட்டணி என்பதால் அந்த அணி கிளப் போட்டியில் ஆட முடியாது. ஆகவே கெர்ரியின் சார்பில் ஓ’ராஹிலிஸ் போனது. ஆனால் 1970–71-இல் இந்தப் போட்டியின் முதல் பட்டத்தை வென்றதே ஈஸ்ட் கெர்ரிதான். அந்த நாளில் அதற்குத் தடை இல்லை. 2023 ஜனவரி தொடக்கத்தில் க்ரோக் பார்க்கில் நடந்த அரையிறுதிகளில் கில்மக்கட் ஓ’ராஹிலிஸையும், க்ளென் மொய்கல்லனையும் வென்றன.

இறுதிப் போட்டி ஜனவரி 22, ஞாயிற்றுக்கிழமை. அதே மைதானத்தில், மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் மற்றொரு கேலிக் விளையாட்டான ஹர்லிங்கின் கிளப் இறுதியும் நடந்த நாள் அது. அதில் பாலிஹேல் ஷாம்ராக்ஸ் டன்லாயை வென்றது. கால்பந்து இறுதியில் கில்மக்கட்டுக்காக ஷேன் கன்னிங்ஹாம் கோல் போட, க்ளென்னுக்காகக் கானர் க்ளாஸ் கோல் போட்டார். ஆட்டத்தின் பெரும்பகுதியில் கில்மக்கட் முன்னே போக, க்ளென் விடாமல் துரத்தியது. கூடுதலாகச் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் 1-11க்கு 1-9 என்று இரண்டு புள்ளி இடைவெளி இருந்தபோது க்ளென்னுக்கு ஒரு ஃபார்ட்டிஃபைவ் கிடைத்தது. அதைக் கம்பத்துக்கு மேலே அடித்தால் ஒரே ஒரு புள்ளி, பயனில்லை. கோல் வேண்டும். ஆகவே பந்தைக் கோல்வாயில் இறக்கி, திரண்டு நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் அதைத் தட்டி வலைக்குள் தள்ள வேண்டும் என்பதுதான் ஒரே வழி.

உதைக்குச் சற்று முன்னதாகக் கில்மக்கட் இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை இறக்கியது. புதியவர்கள் இருவரும் களத்துக்குள் வந்துவிட்டார்கள். வெளியேற வேண்டியவர்களில் பால் மேனியன் எல்லைக் கோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார். இன்னும் வெளியே போய்ச் சேரவில்லை. வெளியேற வேண்டிய மற்றொருவரான டாரா மல்லின், கோல்கோட்டின் மேலேயே, காவல் நிற்கும் சக வீரர்களோடு நின்றுகொண்டிருந்தார். அந்த நிலையில் உதை எடுக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தால் அந்த நொடியில் கில்மக்கட் பக்கம் 17 பேர். மேனியன் வெளியேறிய பிறகும் 16 பேர். பந்து கோல்வாயில் விழுந்தது, நெரிசல் ஏற்பட்டது, கோல் விழவில்லை, ஆட்டம் முடிந்தது. மைதானத்தில் இருந்த பெரும்பாலானோர் இதைக் கவனிக்கவே இல்லை. கில்மக்கட் கொண்டாடியது, கோப்பையைத் தூக்கியது. சில மணி நேரத்துக்குள் அந்தக் கடைசிக் காட்சியின் உறைந்த படம், ஆட்களுக்கு எண் போட்டு, நாடு முழுவதும் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியது.

இதில் ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நான் கருதவில்லை. காது செவிடாகும் இரைச்சலில், கோல்கோட்டில் நிற்கும் ஒருவருக்குத் தம் எண் பலகையில் காட்டப்பட்டது தெரியாமல் போவது இயல்பு. ஆனால் விதி நோக்கத்தைக் கேட்பதில்லை, எண்ணிக்கையைத்தான் கேட்கிறது. ஓர் ஆள் வெளியேறியதை உறுதி செய்யாமல் ஆட்டத்தைத் தொடர விட்டது நடுவர் குழுவின் பொறுப்பு. தன் ஆட்கள் எத்தனை பேர் என்று கணக்கு வைத்திருப்பது அணியின் பொறுப்பு. இரண்டும் ஒரே நொடியில் தவறின.

இனி விதிக்கு வருவோம். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை இறக்கினால் என்ன செய்யலாம் என்பதைச் சங்கத்தின் விதிநூல் இரண்டு வழிகளில் சொல்கிறது. முதலாவது, எதிரணி ஆட்சேபம் தெரிவித்து அது நிரூபிக்கப்பட்டால், சூழ்நிலையைப் பொறுத்து ஆட்டத்தை எதிரணிக்கே வழங்கலாம், மறு ஆட்டத்துக்கு உத்தரவிடலாம், அல்லது அபராதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இரண்டாவது, போட்டியை நடத்தும் குழுவே தானாக விசாரணை நடத்தலாம்; அப்போது எதிரணிக்கு வெற்றியை வழங்க முடியாது, ஆனால் தவறிய அணியின் வெற்றியை ரத்து செய்யவோ, மறு ஆட்டம் நடத்தவோ, அபராதம் விதிக்கவோ அதிகாரம் உண்டு. அதாவது, தோற்றவர் வாய் திறக்காமலேயே மறு ஆட்டத்துக்கு உத்தரவிடும் கதவு விதிநூலிலேயே இருந்தது. இந்த ஒரு விவரம்தான் முழு விவகாரத்தின் உயிர்நாடி. பலர் ‘க்ளென் கேட்டால்தான் சங்கம் ஏதாவது செய்ய முடியும்’ என்று எழுதினார்கள், அது சரியல்ல.

சங்கம் அந்த இரண்டாவது கதவைத் திறக்கவில்லை; க்ளென் என்ன செய்யப்போகிறது என்று காத்திருந்தது. ஆட்சேபத்துக்கான கெடுவோ மிகக் குறுகியது. இறுதிப் போட்டியில் தோற்ற துயரத்தில் இருந்த ஓர் ஊர், இரண்டொரு நாளுக்குள் ஒரு முடிவை எடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆட்சேபம் தெரிவித்தால் ‘களத்தில் தோற்றதைக் காகிதத்தில் வெல்லப் பார்க்கிறார்கள்’ என்ற பழி. தெரிவிக்காவிட்டால், பல ஆண்டுகள் உழைத்த தம் சொந்தப் பிள்ளைகளுக்கு உரியதைக் கேட்கக்கூடத் துணியவில்லை என்ற குற்றவுணர்வு. அந்த வாரத்திலேயே க்ளென் ஆட்சேபத்தைக் கொடுத்தது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. விதி வழங்கும் உரிமையைப் பயன்படுத்துவது பேராசை ஆகாது.

போட்டிகளைக் கட்டுப்படுத்தும் மத்தியக் குழு இரு தரப்பையும் கேட்டு, ஜனவரி முடியும் தறுவாயில் மறு ஆட்டத்துக்கு உத்தரவிட்டது. மூன்று தண்டனைகளில் நடுவானதைத் தேர்ந்தது நியாயமான தீர்ப்பு. சில நொடிகள் நீடித்த பிழைக்காக ஒரு மணி நேர ஆட்டத்தின் வெற்றியையே பிடுங்கி எதிரணிக்குக் கொடுப்பது மிகை. பட்டத்தைத் தீர்மானிக்கும் உதையின்போது நடந்த பிழைக்கு அபராதம் மட்டும் போதும் என்பது குறை. ஆனால் கில்மக்கட் மேல்முறையீட்டுக்குப் போனது. அதற்கும் அதன் உரிமை உண்டு. உறுப்பினர்கள் வென்றதாக நம்பும் கோப்பையை எந்தக் கிளப்பும் முதல் தீர்ப்பிலேயே விட்டுக்கொடுத்துவிடாது. மத்திய மேல்முறையீட்டுக் குழு, அதற்கு மேல் சங்கத்தின் தகராறு தீர்க்கும் ஆணையம் எனப் படிகள் நீண்டுகொண்டே போகும் சாத்தியம் தெரிந்தது.

பிப்ரவரி தொடங்கியதும், மேல்முறையீடு முடிவாவதற்கு முன்பே, க்ளென் தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்று, இந்த விவகாரத்தைத் தொடரப்போவதில்லை என்று அறிவித்தது. சட்டத்தின் பார்வையில் அது எளிய விளைவைத்தான் ஏற்படுத்தியது: மறு ஆட்ட உத்தரவு, நிரூபிக்கப்பட்ட ஆட்சேபம் என்ற ஒற்றைத் தூணின் மேல் நின்றது, தூணை நட்டவரே எடுத்துவிட்டார். ஜனவரி 22-இன் முடிவு அப்படியே நிலைத்தது.

ஏன் விலகினார்கள் என்பதற்குச் சூழ்நிலையே பெரும்பாலும் விடை சொல்கிறது. தேசிய லீக் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. க்ளென்னின் முக்கிய வீரர்கள் டெரி மாவட்ட அணிக்குத் தேவைப்பட்டார்கள், கில்மக்கட்டின் வீரர்கள் டப்ளினுக்குத் தேவைப்பட்டார்கள். ஏறத்தாழ ஓராண்டு இடைவிடாமல் ஆடிய, சம்பளம் வாங்காத இளைஞர்களை, நடக்குமா நடக்காதா என்றே தெரியாத ஓர் ஆட்டத்துக்காக வாரக்கணக்கில் ஆயத்த நிலையில் வைத்திருப்பது கடினம். இதற்கும் மேலாக, நாடு முழுவதும் நடந்த வாக்குவாதத்தின் மையத்தில், பிழை செய்யாத கிளப் நிறுத்தப்பட்டிருந்தது. யார் தவறு செய்தார் என்ற கேள்வி பத்து நாளில் மறைந்து, க்ளென் கேட்டது சரியா என்ற கேள்வியே மிஞ்சியது. இந்தத் திரிபுக்குக் காரணம் க்ளென்னும் அல்ல, கில்மக்கட்டும் அல்ல. நிர்வாகம் தன் அதிகாரத்தைத் தானே பயன்படுத்தாமல் அந்தச் சுமையைத் தோற்றவரின் தோளில் இறக்கியதுதான். ஆட்டம் முடிந்த மறுநாளே குழு விசாரணையைத் தொடங்கி, ‘விதி மீறப்பட்டது, மறு ஆட்டம் இன்ன தேதியில்’ என்று சொல்லியிருந்தால், இரண்டு கிளப்களும் முணுமுணுத்திருக்கலாம். ஆனால் எதுவும் மற்றதைக் குற்றம் சாட்ட வேண்டிய நிலை வந்திருக்காது.

இது இந்த விளையாட்டில் முதன்முதலாக நேர்ந்ததும் அல்ல. 1995-இல் மாவட்ட அணிகளின் அகில அயர்லாந்து இறுதியில் டப்ளினின் சார்லி ரெட்மண்ட் வெளியேற்றப்பட்ட பிறகும் போகாமல் களத்திலேயே சற்று நேரம் ஆடிக்கொண்டிருந்தார். நடுவர் அவரை மீண்டும் ஒரு முறை வெளியேற்ற வேண்டியிருந்தது. டைரோனை டப்ளின் ஒரே புள்ளியில், 1-10க்கு 0-12 என்று வென்றது, முடிவு நிலைத்தது. 1998 ஹர்லிங் அரையிறுதியில் நடுவர் இரண்டு நிமிடம் முன்னதாகவே ஆட்டத்தை முடித்துவிட, ஆஃபலி ரசிகர்கள் க்ரோக் பார்க் புல்வெளியில் அமர்ந்து எழ மறுத்தார்கள். மறு ஆட்டம் நடந்தது, க்ளேரை வென்ற ஆஃபலி அந்த ஆண்டுப் பட்டத்தையும் வென்றது. 2010 லென்ஸ்டர் இறுதியில் கடைசி நொடியில் மீத் அணிக்கு வழங்கப்பட்ட கோல் கோலே அல்ல என்பதை எல்லோரும் பார்த்தார்கள். நடுவரே பிழையை ஒப்புக்கொண்டார். அப்போதும் சங்கம், மீத் தானாக முன்வந்தால்தான் மறு ஆட்டம் என்று ஒதுங்கியது. மீத் முன்வரவில்லை, லூத் மாவட்டம் அந்த வடுவோடு பல ஆண்டுகள் வாழ்ந்தது. 2010-இல் வென்றவரின் மனசாட்சியிடம் ஒப்படைத்ததை 2023-இல் தோற்றவரின் மனசாட்சியிடம் ஒப்படைத்தார்கள் என்பதுதான் வித்தியாசம். இரண்டு முறையும் நிர்வாகம் தான் எடுக்க வேண்டிய முடிவைக் கிளப்பிடமும் மாவட்டத்திடமும் தள்ளிவிட்டது.

மூன்றாவது கேள்வி: கூடுதல் ஆள் இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று மொத்த ஆட்டத்தையும் பார்த்தால் கில்மக்கட் வெற்றிக்குத் தகுதியான அணியாகவே ஆடியது. ஆனால் ‘அந்த ஆள் பந்தைத் தொடவே இல்லையே, அதனால் என்ன?’ என்று வாதிடுபவர்களோடு என்னால் உடன்பட முடியாது. நடுக்களத்தில் எங்கோ ஓரமாக ஓர் ஆள் அதிகம் நிற்பது வேறு. கோல் மட்டுமே காப்பாற்றும் என்ற நிலையில் பந்து இறங்கும் இடத்தில், கோல்கோட்டின் மேலேயே ஓர் ஆள் அதிகம் நிற்பது வேறு. பந்து எங்கே போகலாம் என்று தாக்கும் வீரர் தீர்மானிப்பது, கண்ணுக்கு எத்தனை இடைவெளி தெரிகிறது என்பதை வைத்துத்தான். நின்றவர் கையை அசைக்காவிட்டாலும், இடைவெளி ஒன்றை அடைத்துக்கொண்டுதான் நின்றார். மறு ஆட்டத்துக்கு அது போதுமான காரணம் என்றே குழுவும் கண்டது.

அதன் பிறகு நடந்ததையும் சொன்னால்தான் விடை முழுமையாகும். டெரி மாவட்டம் 2023 மே மாதம் அல்ஸ்டர் பட்டத்தைப் பெனால்டி உதைகளில் ஆர்மாவிடமிருந்து வென்றது. அந்த அணிக்குத் தலைமை தாங்கியவர்களுள் க்ளாஸ் முன்னணியில் இருந்தார். டப்ளின் அணிக்குத் திரும்பிய பால் மேனியன் ஜூலையில் கெர்ரியை வென்று அகில அயர்லாந்துப் பட்டம் பெற்றார். அடுத்த கிளப் பருவத்தில் இரண்டு அணிகளும் தத்தம் மாகாணங்களை மீண்டும் வென்று, 2024 ஜனவரி 6 அன்று நியூரி நகரின் பார்க் எஸ்லர் மைதானத்தில் அரையிறுதியில் நேருக்கு நேர் நின்றன. நடக்காமல் போன மறு ஆட்டம் இதுதான் என்று பலர் சொன்னார்கள். மிகச் சிறிய வித்தியாசத்தில் க்ளென் வென்றது. இரண்டு வாரம் கழித்து, ஜனவரி 21 அன்று, ராஸ்காமனின் செயின்ட் பிரிஜிட்ஸ் அணியை 2-10க்கு 1-12 என்ற கணக்கில், ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் விழுந்த ஒரு கோலின் உதவியோடு வென்று, ஆண்டி மெரிகன் கோப்பையை மஹெராவுக்குக் கொண்டுபோனது. பெல்லாகி, லேவி, பாலிண்டெரி ஆகியவற்றுக்குப் பிறகு அந்தக் கோப்பையைப் பெற்ற நான்காவது டெரி கிளப் க்ளென்.

அந்த வெற்றியைக் காட்டி, ‘எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதே, பழையதை ஏன் கிளற வேண்டும்’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். க்ளென்னின் 2024 பட்டம் க்ளென் தன் திறமையால் பெற்றது. 2023-க்கான ஈடு அல்ல. ஓராண்டு கழித்து ஓர் அணி மீண்டும் அதே உயரத்துக்கு வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெரும்பாலான கிளப்களுக்கு ஒரு தலைமுறையில் ஒரே ஒரு இறுதிப் போட்டிதான் வாய்க்கிறது. பலவற்றுக்கு அதுவும் வாய்ப்பதில்லை. க்ளென் 2024-இல் அரையிறுதியிலேயே தோற்றிருந்தால் இன்று இந்த விவகாரம் எவ்வளவு கசப்போடு பேசப்பட்டிருக்கும் என்பதை லூத் மக்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பதிவேட்டில் எந்த அடிக்குறிப்பும் கிடையாது. 2022–23 சாம்பியன்: கில்மக்கட் க்ரோக்ஸ், 1-11க்கு 1-9, 1995, 2009 ஆகியவற்றுக்குப் பிறகு அவர்களின் மூன்றாவது பட்டம். 1995 இறுதியில் அவர்கள் வென்றதும் ஒரு டெரி கிளப்பைத்தான், பெல்லாகியை, 0-8க்கு 0-5 என்று. சட்டப்படி அந்த மூன்றாவது பட்டம் முழுமையாக அவர்களுடையது. அதை வென்ற வீரர்களை அந்தக் கடைசி நொடிகளைக் காட்டிச் சிறுமைப்படுத்துவது நியாயம் அல்ல. குழுவுக்குத் தானாக விசாரிக்கும் அதிகாரத்தைத் தரும் விதி அப்போதும் நூலில் இருந்தது; அதைப் பயன்படுத்தாமல் விட்டதற்கான பொறுப்பு மட்டும் அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டியவர்களுடையது.